டெட்டாலும் பினாயிலும் ஒன்றல்ல

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் ஓதிக்கொண்டிருந்த மதரஸாவின் விடுதியில் சிரங்கு பரவியது. முப்பது பிள்ளைகள் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் இடம். ஒருவனுக்கு வந்தால் சில வாரங்களில் பாதிப் பேருக்கு வந்துவிடும். விரல் இடுக்கு, அக்குள், இடுப்பு என்று இரவெல்லாம் சொறிந்துகொண்டே கிடப்பார்கள். அவர்களில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குச் சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகிவிட்டது.

அவனைக் குளிப்பாட்டும் பொறுப்பு பெரிய மாணவர்களான எங்களிடம் வந்தது. டெட்டால் தீர்ந்துபோயிருந்தது. கழிவறை கழுவ வைத்திருந்த கறுப்புப் பினாயில் டப்பா மூலையில் இருந்தது. எங்களில் ஒருவர் அதை ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றினார். டெட்டால் ஊற்றினால் எப்படித் தண்ணீர் பால்போல் வெளுக்குமோ, அப்படியே வெளுத்தது. "பார்த்தியா, இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டோம். வாளியைத் தூக்கிக் கொடுத்தது நாம்தான்.

இரண்டு குவளை ஊற்றியதுமே பையன் அலறிவிட்டான். நாங்களோ, எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று மிச்சத்தையும் ஊற்றினோம். இரவில் முதுகும் தொடையும் சிவந்து கொப்பளித்தன. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் கேட்டார்: "தரையில ஊத்துறதைப் பிள்ளை மேல ஊத்தினீங்களா?" கூட வந்த உஸ்தாது சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "கிருமியைக் கொல்லுறதுதானே டாக்டர்."

அந்தப் பதில் முழுப் பொய்யல்ல. பினாயில் கிருமியைக் கொல்லும். டெட்டாலும் கொல்லும். ஆனால் ஒன்று உயிரற்ற பொருளின் மீது கொல்வதற்கு, மற்றது உயிருள்ள உடலின் மீது கொல்வதற்கு. முதலாவதை டிஸ்இன்ஃபெக்டன்ட் என்கிறார்கள், இரண்டாவதை ஆன்டிசெப்டிக் என்கிறார்கள். நம் பேச்சிலோ இரண்டுக்கும் 'கிருமிநாசினி' என்ற ஒரே சொல்தான். பள்ளிக்கூட வேதியியல் புத்தகத்தைப் புரட்டினால் அங்கே பிரித்தே போட்டிருக்கிறார்கள்: டிஸ்இன்ஃபெக்டன்ட் கிருமிநாசினி, ஆன்டிசெப்டிக் புரைத்தடுப்பான். புரையோடுதல் என்றால் புண் அழுகி உள்ளே பரவுவது. 'செப்சிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அழுகல் என்றுதான் பொருள். நல்ல மொழிபெயர்ப்பு. என்ன செய்வது, பரீட்சை முடிந்ததும் அந்தச் சொல்லைப் புத்தகத்தோடு மூடி வைத்துவிடுகிறோம்.

சாக்கடையிலிருந்து காயத்துக்கு வந்த மருந்து

இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவரின் வரலாறு உதவும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் காலையே வெட்டி எடுப்பதுதான் பெரும்பாலும் வைத்தியம். வெட்டாமல் விட்டால் புண் அழுகி ஆள் மவுத்தாகிவிடுவார். வெட்டினாலும் பலர் பிழைப்பதில்லை. அழுகல் காற்றின் கேட்டால் வருகிறது என்று நம்பிய காலம் அது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே பொருட்களை அழுகச் செய்கின்றன என்ற லூயி பாஸ்டரின் ஆய்வை லிஸ்டர் படித்தார். அப்படியானால் புண்ணிலுள்ள நுண்ணுயிரைக் கொன்றால் அழுகலும் நிற்க வேண்டுமே என்று யோசித்தார்.

எதைக் கொண்டு கொல்வது? இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சாக்கடைக் கழிவின் நாற்றத்தைப் போக்க கார்பாலிக் அமிலம் ஊற்றுகிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்படும் பொருள் அது. இன்று அதை ஃபீனால் என்கிறோம். பினாயில் என்ற பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனைக்கு, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். முறிந்த எலும்பு தோலைக் கிழித்திருந்தது. லிஸ்டர் காயத்தில் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். புண் அழுகவில்லை. சுமார் ஆறு வாரத்தில் எலும்பு கூடியது, கால் தப்பியது. 1867இல் இந்த அனுபவங்களை 'தி லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். நவீன அறுவை சிகிச்சை அங்கிருந்து தொடங்கியதாகவே சொல்லலாம்.

சாக்கடைக்கு ஊற்றியதைக் காயத்துக்கு ஊற்றலாம் என்றால், நாங்கள் விடுதியில் செய்ததும் அதுதானே என்று கேட்கலாம். இல்லை. அந்த அமிலம் காயத்தின் ஓரத் தோலைப் பொசுக்கியது, அதை லிஸ்டரே கண்டார். அதனால் எண்ணெயில் கலந்தும் நீரில் கரைத்தும் அதன் வீரியத்தைக் குறைப்பதிலேயே தொடர்ந்து உழைத்தார். இன்றைய பாடநூலில் இருக்கும் கணக்கு இது: 0.2 சதவீத ஃபீனால் கரைசல் புரைத்தடுப்பான், 1 சதவீதக் கரைசல் கிருமிநாசினி. பொருள் ஒன்றே. ஐந்து மடங்கு செறிவு அதைத் தோலுக்கு ஆகாததாக்கிவிடுகிறது.

இதே காலத்தின் இன்னொரு செய்தியும் சுவையானது. 1889-90 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியருக்கு, அறுவைக் கூடத்தில் கைகழுவப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு கரைசலால் கையெல்லாம் வெந்து புண்ணானது. வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் அவருக்காக ரப்பர் கம்பெனியில் மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். இன்று உலகமெங்கும் டாக்டர்கள் போடும் கையுறை நோயாளியைக் காப்பதற்காக வந்தது என்று நினைக்கிறோம். முதலில் அது வந்தது கிருமிக்கொல்லியிடமிருந்து ஒரு பெண்ணின் கையைக் காப்பதற்காக. பிறகு அவர்கள் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள் என்பது வேறு கதை.

கிருமியும் ஓர் உயிர், நம் தோலின் ஒவ்வொரு செல்லும் ஓர் உயிர். கிருமியின் உறையைக் கிழிக்கும் வேதிப்பொருள் நம் செல்லின் உறையையும் கிழிக்கவே செய்யும். தரைக்கு உயிரில்லை, எவ்வளவு வீரியமானதை ஊற்றினாலும் அதற்கு வலிக்காது. உடம்புக்கு என்று வரும்போது, கிருமி சாக வேண்டும், தோல் பிழைக்க வேண்டும் என்ற குறுகிய இடைவெளியில்தான் மருந்து நிற்க முடியும். அந்த இடைவெளியில் நிற்கக்கூடியது என்று சோதித்து, அளவு குறித்து வைத்திருப்பதுதான் ஆன்டிசெப்டிக்.

வீட்டு அலமாரியில் இருப்பவை

காயத்துக்கு டெட்டாலை அப்படியே ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. டெட்டாலில் உள்ள மருந்து குளோரோசைலினால், 4.8 சதவீதம். அது தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் ஊற்றியதும் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து வெள்ளையாகத் தெரிகிறது. பினாயிலும் அதே காரணத்தால்தான் வெளுக்கிறது. வெளுப்பது எண்ணெய்த் துளிகளின் வேலை. மருந்தின் தன்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாங்கள் ஏமாந்தது இங்கேதான்.

காயத்துக்கு ஒரு பங்கு டெட்டாலுக்கு இருபது பங்கு தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. பாட்டிலின் மேலேயே அளவு போட்டிருக்கும், அதைப் படித்துக் கலக்க வேண்டும். கலக்காமல் ஊற்றினால் கிருமியோடு புதிதாக முளைக்கும் தோலும் சாகும், புண் ஆற இன்னும் நாளாகும். "எரிஞ்சாத்தான் கேக்கும்" என்று நன்னிமார் சொல்வது அன்பினால் சொல்வது. எரிச்சல் என்பது திசு காயப்படுவதன் அடையாளம், குணமாவதன் அடையாளமல்ல.

சாவ்லானில் இருப்பது வேறு மருந்துகள்: குளோர்ஹெக்சிடினும் செட்ரிமைடும். இவற்றுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. சோப்பு பட்டால் வீரியம் இழந்துவிடும். சோப்பு போட்டுக் காயத்தைக் கழுவியிருந்தால் நுரை போக நன்றாக அலசிய பிறகே சாவ்லான் தண்ணீர் விட வேண்டும்.

இன்று டாக்டர்கள் அதிகம் எழுதுவது பொவிடோன் அயோடின். பீட்டாடைன் என்ற பெயரில் கடையில் கேட்போமே, அந்தப் பழுப்பு நிற மருந்து. களிம்பாகவும் திரவமாகவும் கிடைக்கிறது. பழைய டிங்சர் அயோடின் போல உயிர் போக எரியாது. தடவியதும் துடைக்காமல் இரண்டு நிமிடம் காய விட வேண்டும், அப்போதுதான் வேலை செய்யும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் என்றால் டாக்டரைக் கேட்காமல் பெரிய பரப்பில் தடவக்கூடாது. அயோடின் தோல் வழியே உள்ளே போகக்கூடியது.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கெல்லாம் வெளியேறுகிறது என்று மகிழ்வோம். நம் திசுக்களிலும் இரத்தத்திலும் உள்ள ஒரு நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதால் வரும் நுரை அது. ஆறிவரும் புண்ணில் தினமும் ஊற்றினால் ஆறுவதைத் தடுக்கும். ஸ்பிரிட்டோ ஊசி போடுமுன் முழுத் தோலைத் துடைப்பதற்குரியது, திறந்த காயத்துக்கு அல்ல.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்தால் இவற்றில் எதுவுமே முதல் வேலை அல்ல. ஓடும் குழாய்த் தண்ணீரில் மண்ணும் கல்லும் போகக் கழுவுவதுதான் முதல் வேலை. சின்னச் சிராய்ப்புக்கு அதுவே பெரும்பாலும் போதும். நாய் கடித்தால் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறிநோய் வைரஸின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைத்துவிடும். அதன் பிறகு பொவிடோன் அயோடின், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி. மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம்.

தரைக்கு உரியவை

கழிவறைக்கும் தரைக்கும் நாம் வாங்கும் பினாயில் இரண்டு வகை. கறுப்பு, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த ஃபீனால் வகைப் பொருட்கள் கொண்டது. வெள்ளை, பெரும்பாலும் பைன் எண்ணெய் சேர்த்தது. இந்தியாவில் இவற்றுக்குத் தர அளவு இருக்கிறது. டப்பாவில் ஆர்.டபிள்யூ.சி. என்று ஓர் எண் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். சுத்த ஃபீனாலோடு ஒப்பிட்டால் இது எத்தனை மடங்கு கிருமி கொல்லும் என்பதைக் காட்டும் எண் அது. முதல் தரத்துக்கு 18, இரண்டாம் தரத்துக்கு 10, மூன்றாம் தரத்துக்கு 5 குறைந்தபட்சம் இருக்க வேண்டும். தெருவில் சைக்கிளில் வைத்து விற்கும் பாட்டிலில் இந்த எண்ணும் இருக்காது, தயாரித்தவர் பெயரும் இருக்காது. வாசனையை மட்டும் வாங்கி வருகிறோம்.

இன்னொரு குழப்பம் பெயரால் வருகிறது. காயத்துக்கு மருந்து தயாரிக்கும் கம்பெனியே அதே பெயரில் தரை துடைக்கும் திரவத்தையும் விற்கிறது. பெயர் பழகியது, பாட்டில் வேறு. "டெட்டால் எடுத்து வா" என்று பிள்ளையை அனுப்பினால் எதை எடுத்து வரும்? பாட்டிலில் 'ஆன்டிசெப்டிக்' என்று போட்டிருக்கிறதா, தரைக்கு, மேற்பரப்புக்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் மலிவானது, வீரியமானது. நல்ல பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராம் கரைத்தால் சுமார் 0.1 சதவீதக் கரைசல், கிருமி நீக்கத் தரை துடைக்க அது போதும். திறந்து வைத்த மூட்டையிலிருந்தும் வெயிலில் வைத்த கரைசலிலிருந்தும் குளோரின் போய்விடும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றைய வாளி இன்று வெறும் சுண்ணாம்புத் தண்ணீர்.

எதை ஊற்றினாலும் அழுக்கை முதலில் அகற்றாமல் ஊற்றினால் பாதி வீண். மண், மலம், இரத்தம், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை மருந்தைத் தம்மீது வாங்கிக்கொண்டு அதன் வீரியத்தைத் தின்றுவிடும். இதை நாம் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் நஜீஸ் பட்ட இடத்தில் முதலில் அந்தப் பொருளை நீக்கு, பிறகு தண்ணீர் ஊற்று என்று மக்தபில் ஓதும் பிள்ளைக்கே தெரியும். தரை துடைப்பதிலும் வரிசை அதுவே. அடுத்தது நேரம். ஊற்றிய கையோடு துடைத்து எடுத்துவிட்டால் கிருமி சாகாது. பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க விட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். கழிவறையில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு, அதன்மேல் ஆசிட்டையோ ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தையோ ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்ட அதே வாயு. கதவை மூடிக்கொண்டு சின்னக் கழிவறைக்குள் உட்கார்ந்து தேய்க்கும் நம் பெண்கள் இருமி இருமி மயங்கி விழுவதற்கு அது போதும். அப்படி நேர்ந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும், மூச்சுத் திணறல் இருந்தால் ஆஸ்பத்திரி. அம்மோனியா கலந்த திரவங்களோடும் பிளீச்சிங் பவுடர் சேரக்கூடாது.

கிணற்றுக்கும் தொட்டிக்கும் போடுவது இதே பவுடர்தான் என்றாலும் அளவு வேறு. 1000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 2.5 கிராம் போதும். தனிச் சட்டியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். பள்ளிவாசல் ஹவுளில் கண்ணளவாக அள்ளிப் போட்டுவிட்டு, ஒளூ செய்கிறவர்கள் கண் எரிகிறது என்று சொல்லும்போது ஆச்சரியப்படுவதில் பயனில்லை.

இரண்டாலும் ஆகாத இடம்

துருப்பிடித்த ஆணி குத்தினால் டெட்டால் ஊற்றியாயிற்றே, ஊசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டெட்டனஸ் கிருமி தனக்குத்தானே ஒரு கெட்டியான கூடு கட்டிக்கொண்டு மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அந்த வடிவத்துக்கு ஸ்போர் என்று பெயர். டெட்டால், சாவ்லான், ஸ்பிரிட் எதுவும் ஸ்போரைக் கொல்லாது. கொதிக்கும் தண்ணீரில் சற்று நேரம் போட்டு எடுத்தாலும் சிலவகை ஸ்போர்கள் தப்பிவிடும். அதற்கு ஆட்டோகிளேவ் என்ற கருவியில், அழுத்தத்தில் அடைத்த நீராவி 121 டிகிரியில் பதினைந்து நிமிடமாவது வேண்டும். இதற்கு ஸ்டெரிலைசேஷன் என்று பெயர். கிருமிநாசினி, புரைத்தடுப்பான் இரண்டுக்கும் மேலே உள்ள மூன்றாவது படி.

கத்னாவைப் பற்றி இந்த இடத்தில் பேசாமல் போக முடியாது. பெரும்பாலான ஊர்களில் இன்று பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போகிறார்கள். சில இடங்களில் இன்னும் ஒஸ்தா வீட்டுக்கு வருகிறார். கைத்திறமையில் அவர்களில் பலரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பயன்படுத்திய கத்தியை டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்த பிள்ளைக்கு வைப்பதை எந்தத் திறமையும் ஈடுகட்டாது. தோலில் தடவ உரிய மருந்து உலோகத்தைக் கிருமியற்றதாக்கப் போதாது. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் பி வகை, சி வகை வைரஸ்கள் இரத்தத்தின் வழியாகவே பரவுகின்றன. ஒரே நாளில் ஐந்தாறு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஏற்பாடு செய்யும் ஜமாஅத்துகள் இந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆட்டோகிளேவ் செய்து உறையிட்ட தனிக் கருவி இருக்கிறதா? இல்லை என்றால் தேதியைத் தள்ளி வையுங்கள், கெட்டுப்போவது ஒன்றுமில்லை. புண்ணுக்கு என்ன போடுவது என்பதை டாக்டர் சொன்னபடி செய்ய வேண்டும். சீக்கிரம் ஆறட்டும் என்று வீட்டில் டெட்டாலைக் கலக்காமல் ஊற்றுவதும் பவுடரை அள்ளித் தூவுவதும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

பச்சைப் பிள்ளையின் தொப்புள்கொடிக்கும் இதுதான். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை என்றால் தொப்புளைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்தாலே போதும், டாக்டர் சொன்னால் ஒழிய ஒன்றும் தடவ வேண்டாம்.

சானிடைசரும் 2020ஆம் வருடமும்

கொரோனா காலத்தில் நமக்கு வந்த தொலைபேசிகளில் பாதி ஒரே கேள்விதான். "ஹஜ்ரத், சானிடைசர்ல ஆல்கஹால் இருக்காமே, போட்டுட்டுத் தொழலாமா?" கேள்வி நியாயமானது. ஷாஃபி மத்ஹபின் நூல்களில் போதை தரும் திரவம் நஜீஸ் என்று சொல்லப்பட்டிருக்கிறது, நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் அந்த மத்ஹபினர். இதை ஆலிம்கள் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே பேசிவிட்டார்கள். ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் மன்றம் 2002 ஜனவரியில் மக்காவில் கூடியபோது, காயத்தைச் சுத்தம் செய்யவும் கிருமியைக் கொல்லவும் ஆல்கஹாலை உடலின் வெளியே பயன்படுத்துவது கூடும் என்று தீர்மானித்தது. மனதில் தயக்கம் உள்ளவர்கள் ஒளூவுக்கு முன் கையைக் கழுவிக்கொள்ளலாம். எப்படியும் அழுக்கு ஒட்டிய கைக்கு சானிடைசர் பயன்படாது, சோப்பும் தண்ணீருமே சிறந்தது.

சானிடைசர் தோலுக்கு உரியது, ஆகவே ஆன்டிசெப்டிக் குடும்பம். 60 சதவீதத்துக்குக் குறைந்த ஆல்கஹால் உள்ளது போதாது. அதற்காக நூறு சதவீதம் சிறந்தது என்றும் இல்லை. கிருமியின் புரதத்தைத் திரிய வைக்க ஓரளவு தண்ணீரும் வேண்டும், அதனால்தான் 70 சதவீதத்தை ஒட்டியவையே அதிகம் வேலை செய்கின்றன. அடுப்படியில் நிற்கும்போது தடவிக்கொள்ளக் கூடாது, தீப்பிடிக்கும்.

அந்த வருடம்தான் தரைக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாட்டை நாடே மறந்தது. 2020 மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைச் சாலையில் உட்கார வைத்து அவர்கள் மீது கிருமிநாசினியைப் பீய்ச்சினார்கள். பிள்ளைகளும் இருந்தார்கள், கண் எரிந்தது. ஏப்ரலில் நம் திருப்பூரின் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். நடந்து போகிறவர்கள் மீது மருந்துத் தண்ணீர் தெளிக்கும். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். நம் பகுதிகளிலும் பள்ளிவாசலுக்கு அதுபோல ஒன்று வைக்கலாமா என்று பேச்சு எழுந்தது. அதே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளிக்கக்கூடாது, அது உயிரற்ற பொருட்களுக்கு மட்டுமே உரியது, கண்ணையும் தோலையும் நுரையீரலையும் கெடுக்கும், உடலுக்குள் போன வைரஸை ஒன்றும் செய்யாது என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் பின்னர் அதையே சொன்னது. லிஸ்டரும் ஒரு காலத்தில் அறுவைக் கூடத்தின் காற்றில் கார்பாலிக் அமிலத்தைத் தெளித்தவர்தான். 1890இல் பெர்லின் மாநாட்டில், அதைப் பரிந்துரைத்ததற்காக வெட்கப்படுவதாக அவரே சொன்னார்.

பாட்டிலை எங்கே வைப்பது

சைக்கிள்காரரிடம் வாங்கும் பினாயில் எதில் வருகிறது? குளிர்பான பாட்டிலில். வெள்ளைப் பினாயில் பார்ப்பதற்கு மோர் மாதிரி இருக்கிறது. பேரனோ, பார்வை மங்கிய வாப்பாவோ தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுவது நடக்கிற விஷயம். தின்பண்டம், குடிபானம் இருந்த எந்தப் பாட்டிலிலும் இவற்றை ஊற்றி வைக்கக்கூடாது. சமையலறைக்கு வெளியே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், வாங்கிய டப்பாவிலேயே இருக்கட்டும்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், விரலை விட்டுக் குமட்டுவது எல்லாமே ஆபத்து. போகும்போது சுட்ட தொண்டையைத் திரும்பி வரும்போது மீண்டும் சுடும், நுரையீரலுக்குள்ளும் இறங்கிவிடும். டெட்டாலுக்கும் இதே விதிதான். வாயை மட்டும் கொப்பளிக்கச் செய்து, பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என்ன மருந்து உள்ளே போனது என்பதை அந்தப் பாட்டில்தான் டாக்டருக்குச் சொல்லும். கண்ணில் தெறித்தால் குறைந்தது பதினைந்து நிமிடம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். உடம்பில் பட்டாலும் உடுப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். ஃபீனால் தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வரை போகக்கூடியது என்பதை அந்தப் பையனைப் பார்த்த டாக்டர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அவன் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். அங்கே டாக்டர் இன்னொன்றையும் சொன்னார். சிரங்குக்குப் பினாயில் மட்டுமல்ல, டெட்டாலும் மருந்தல்ல. அது தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் ஒரு நுண்பூச்சியால் வருவது. அதற்கென்று பூசும் மருந்து இருக்கிறது. அன்று பென்சைல் பென்சோயேட் கொடுத்தார், இன்று பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு எழுதுகிறார்கள். கழுத்திலிருந்து பாதம் வரை இரவில் பூசி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் குளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. சிறு குழந்தைகளுக்கு எப்படிப் பூசுவது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடத்தில் படுக்கும் முப்பது பேருக்கும் ஒரே இரவில் பூச வேண்டும், பாயும் போர்வையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். அரிப்பு முழுதாக அடங்கச் சில வாரங்கள் ஆயின. மூலையிலிருந்த பினாயில் டப்பாவை உஸ்தாது கழிவறைப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.